கடைசிப் பக்கம் இல்லாத புத்தகங்கள்

பிரபு,

நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. நேற்றுதான் பார்த்தேன், நலமாக இல்லை. வாரத்தில் உனக்குக் கிடைப்பதே ஒரு நாள் லீவு. அந்த நாளில் வேளச்சேரி போய்ப் பறக்கும் ரயிலைப் பிடித்து, மயிலாப்பூரில் இறங்கி, வெயிலில் லஸ் முனை வரை நடந்து வந்து, என் பிளாட்பாரப் பழைய புத்தகக் கடை ஸ்டூலில் உட்கார்ந்தாய். எனக்கும் உனக்கும் டீ வாங்கினாய். அப்புறம், "ம்மா, நான் அந்த எக்ஸாம் எழுதப் போறதில்ல. நீயே கலா கைல சொல்லிடு" என்றாய். ஏன்டா என்று கேட்டேன். "முப்பத்தேழு வயசு ஆவுதுமா. மீசை மொளைக்காத பசங்களோட பெஞ்சுல குந்திகினு பேப்பர் எழுதணுமா? இன்னா, ரெண்டு பேரும் சேர்ந்து காமெடி பண்றீங்களா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாய். உன் டீ பாதி அப்படியே இருந்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போகிற பிள்ளையை நான் பெறவில்லை. அதனால் உனக்குப் பயம் வந்திருக்கிறது என்று புரிந்துகொண்டேன்.

நேரில் சொன்னால் நடுவில் எழுந்து போகிறாய், போனில் சொன்னால் கஸ்டமர் வந்துவிட்டார் என்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். இதை உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. கலா படிப்பாள், பெண்டாட்டிதானே, படிக்கட்டும். பக்கத்துக் கடை பாஷா பாய் வாசித்துக் காட்டச் சொன்னால் அவருக்கும் வாசித்துக் காட்டுவேன். உன் அரியர் என்ன ஊருக்குத் தெரியாத ரகசியமா? சிவில் இன்ஜினீயரிங்கில் எல்லாப் பேப்பரையும் முடித்துவிட்டு ஒரே ஒரு பேப்பரில், அதுவும் சாயில் மெக்கானிக்ஸில், நின்றுபோனவன் நீ. மண்ணைப் பற்றிய பரீட்சையில் மண்ணைக் கவ்விவிட்டான் என்று உன் மாமா கல்யாணப் பந்தியில் சொல்லிச் சிரித்ததை நூறு பேர் கேட்டார்கள். நீயும் சிரித்தாய். ஆனால் அதற்கப்புறம் நீ பாயசம் சாப்பிடவில்லை. நான் கவனித்தேன்.

இப்போது நீ தி.நகரில் ரங்கநாதன் தெருக் கூட்டத்துக்கு நடுவே ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப்புடவைத் தளத்துக்குப் பொறுப்பாக இருக்கிறாய். அந்த வேலையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதில்தான் குடும்பம் நடக்கிறது, கலாவைக் கட்டியதும் அதில்தான். ஆனால் யாராவது உன்னை என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டால் "சிவில் பண்ணேன்" என்பாய். முடித்தேன் என்று சொன்னதில்லை, முடிக்கவில்லை என்றும் சொன்னதில்லை. அந்த 'பண்ணேன்' என்கிற வார்த்தையிலேயே பதினாறு வருடமாகக் குடியிருக்கிறாய். உன்னோடு படித்த செந்தில் இன்று கட்டட வேலை எடுத்துச் செய்கிறான். டிகிரியைக் கையில் வாங்கிக்கொண்டு வா, சைட்டில் உன்னைச் சேர்த்துக்கொள்கிறேன் என்று அவன் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறான். உனக்கும் அந்த சைட்டுக்கும் நடுவில் நிற்பது ஒரு பேப்பர். அதற்கு ஹால் டிக்கெட் வந்து உன் வீட்டு பீரோவில் இருக்கிறது. வரும் வியாழக்கிழமை பரீட்சை. நீ போகப் போவதில்லை என்கிறாய்.

உனக்கு அந்தப் படிப்பு பிடிக்காது என்றால் நான் விட்டுவிடுவேன். சத்தியமாக விட்டுவிடுவேன். ஆனால் உன் கல்யாணம் முடிந்த புதிதில் கொட்டிவாக்கத்தில் கலா வீட்டுக்கு விருந்துக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? வஞ்சிர மீனைப் பொரித்து வைத்துக்கொண்டு சம்பந்தி அம்மா காத்திருக்கிறார். மாப்பிள்ளையைக் காணோம். தேடிப் போனால் நீ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கடற்கரை மணலில் முட்டி ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி, அதில் தண்ணீர் ஊறுவதைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தாய். உன் மாமனார் காம்பவுண்டு சுவர் எழுப்பப் போவதாகச் சொன்னாராம், அதற்காகப் பார்க்கிறாயாம். "மாப்ள, மீன் ஆறிப்போவுது, அப்பால பாத்துக்கலாம் வா" என்று அவர் கையைப் பிடித்து இழுக்கிறார். நீ அவரிடம் ஈர மணல் எப்படி நிற்கும், காய்ந்தால் ஏன் சரியும் என்று விளக்கிக்கொண்டே வருகிறாய். புதுப்பெண் வாசலில் நின்று சிரிக்கிறாள். அவ்வளவு சந்தோஷமான முகத்தை அதற்கு முன்னாலும் நான் பார்த்ததில்லை, அதற்குப் பின்னாலும் பார்க்கவில்லை. பிடிக்காத படிப்பா இது? என்னிடம் விடாதே கதை.

கதை என்றதும் என் கடைக்கு வருகிறேன். உன் நைனா தவறிப்போனபோது நீ காலேஜில் இரண்டாம் வருஷம். எனக்கு நாற்பத்து மூன்று வயது. நான் பத்தாவதில் கணக்கில் கோட் அடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தவள். அவருக்குச் சாப்பாடு கொண்டு வந்து கொடுக்கிறபோது மட்டும்தான் கடையைப் பார்த்திருக்கிறேன். எந்தப் புத்தகம் என்ன என்று தெரியாமல், முதல் வாரம் எல்லாவற்றையும் சைஸ் பார்த்து அடுக்கினேன். சமையல் குறிப்புக்கு மேலே சட்டப் புத்தகம், அதற்கு மேலே பாப்பா பாட்டு. வந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு வக்கீல் மட்டும், பரவாயில்லையம்மா, பார்க்க அழகாக இருக்கிறது என்றார். உன் நைனா எனக்குச் சொல்லிவிட்டுப் போனது ஒரே ஒரு விஷயம்தான். சாப்பாட்டுக் கூடையை வைத்துவிட்டு நான் ஏதாவது நாவலை எடுத்துப் புரட்டினால் பிடுங்கிவிடுவார். "த பாரு மே, விக்கிற சரக்கை விரிச்சிப் படிக்காத. முதுகு ஒடிஞ்சா பாதி விலைக்குக்கூட எவனும் கேக்க மாட்டான். உனக்குப் படிக்கணும்னா தோ அந்தக் கிழிஞ்சத எடுத்துக்கோ" என்பார். அவர் போன பிறகும் நான் அதை மீறியதில்லை. கிழிந்ததை மட்டும்தான் படிப்பேன்.

பிளாட்பாரத்தில் கிழிவது எது என்று உனக்கே தெரியும். அட்டை மேலே தெரிகிற மாதிரிதான் அடுக்குவோம். மழை பெய்தால் கட்டுக்கு அடியில் இருக்கிற புத்தகத்தின் பின்பக்கம் ஊறும், ஊறியது உதிரும். ஆக என் கைக்கு வந்த கதைக்கெல்லாம் கடைசிப் பக்கங்கள் கிடையாது. சிலதில் ரெண்டு பக்கம் போயிருக்கும், சிலதில் முப்பது போயிருக்கும். இத்தனை வருஷத்தில் எத்தனையோ நாவல் படித்துவிட்டேன், ஒன்றின் முடிவும் எனக்குத் தெரியாது. முதலில் எரிச்சலாக இருந்தது. அந்தப் பெண் கடைசியில் என்ன ஆனாள் என்று இரவு சோறு வடிக்கும்போது யோசிப்பேன், கஞ்சியோடு சோறும் கொட்டிவிடும். பிறகு பழகிவிட்டது.

அப்படிப் படித்ததில் என் மனசில் நின்றது பூராவும் லேட்டாக ஆரம்பித்தவர்களின் கதை. நான் தேடிப் போகவில்லை. என் நிலைமையும் அதுவாக இருந்ததால் கண்ணில் பட்டிருக்கலாம். ஒன்றில் ஒரு ரிட்டயர்டு குமாஸ்தா வீணை கற்றுக்கொள்ளப் போவார். வீட்டில் எல்லாரும் கேலி செய்வார்கள், விரல் வீங்கிவிடும், வாத்தியாரம்மா அவரைவிட இருபது வயது சின்னவள், அவளிடம் திட்டு வாங்குவார். ஒருநாள் ஒரு வரி பிசகில்லாமல் வரும். மருமகள் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்பாள். அதோடு பக்கம் போயிற்று. இன்னொன்றில் ஜெயிலிலிருந்து வந்தவன் ஒருவன் சொந்த ஊர் பஸ் ஸ்டாப்பில் இறங்கி நிற்பான், டீக்கடைக்காரர் யாரென்று தெரிந்தும் "சர்க்கரை போடவா?" என்று மட்டும் கேட்பார். அதற்கு அப்புறம் இல்லை. எனக்கு ரொம்பப் பிடித்தது ஐம்பது வயதுப் பெண்ணின் கதை. புருஷன் வேறு ஒருத்தியோடு போய்விடுவான். அவள் யார் யாரிடமோ கெஞ்சி, மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் சின்னதாக ஒரு இடம் பிடித்து மெஸ் ஆரம்பிப்பாள். விடிகாலையில் ஷட்டரைத் தூக்குவாள், முதல் ஆள் உள்ளே வந்து கை கழுவுவான். அவ்வளவுதான், அதற்கு மேல் கரையான். அந்தப் புத்தகத்தை நான் மட்டும் நாலைந்து தரம் படித்திருப்பேன்.

அதற்கு முழுப் புத்தகம் ஒன்று கிடைத்த கதையை உனக்குச் சொன்னதில்லை. பின் தெருவில் மைதிலி மாமி என்று ஒருவர் இருக்கிறார். பிள்ளைகள் எல்லாம் வெளிநாடு. மாமா தவறிப்போன பிறகு, வீட்டிலிருந்த புத்தகங்களைக் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தார். பிரித்துப் பார்த்தால் நம் மெஸ்காரி இருக்கிறாள், முழுசாக, கடைசிப் பக்கத்தோடு. உடனே கடைசி அத்தியாயத்தைப் புரட்டப் போனேன். ஆனால் நல்ல சரக்கு, விரிக்கக் கூடாது. மாமியிடமே கேட்டேன், இவள் கடைசியில் என்ன ஆகிறாள் என்று. மாமி மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "அதுவா? நன்னா முடிச்சிருப்பான். ஆம்படையான் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்பன். அவ மெஸ்ஸை மூடிட்டு அவனோட ஆத்துக்குப் போயிடுவள்" என்றார். எனக்கு வந்ததே கோபம்! "இன்னா மாமி சொல்றீங்க? அவ எதுக்கு மூடணும்? கஸ்டமர் கை கழுவிட்டு குந்திகினு கீறான், சோறு யாரு போடுவாங்க?" என்று கத்திவிட்டேன். "என்னைக் கேட்டா? நானா எழுதினேன்?" என்று மாமியும் கத்தினார். ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பாஷா பாய் எழுந்து வந்து, யார் யாரை ஏமாற்றிவிட்டார்கள் என்று விசாரித்தார்.

ஒரு வாரம் கழித்து மாமி திரும்ப வந்தார். பையை ஸ்டூலில் வைத்தார். பிறகு, "ஏம்மா, நீ வச்சுண்டிருக்கியே அந்தக் கரையான் அரிச்ச புஸ்தகம், அத எனக்குக் குடு. நான் வாசிச்சது சரியில்லையோன்னு தோண்றது" என்றார். கொடுத்தேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இப்போது வீட்டு மொட்டை மாடியில் காலையில் ஏழெட்டுப் பெண்களுக்கு ஸ்லோகம் சொல்லித் தருகிறார். பிள்ளைகள் கூப்பிட்டபோது அமெரிக்கா போகவில்லை. ஸ்லோகத்துக்கும் மெஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதே, மாமிக்குத் தெரியும். அந்த முழுப் புத்தகத்தை நான் விற்றுவிட்டேன். வாங்கிய பெண்ணிடம், கடைசி அத்தியாயம் வேண்டாம் தாயி, அதுக்கு முன்னாடியே மூடி வைத்துவிடு என்று சொல்லித்தான் அனுப்பினேன்.

லேட்டாக ஆரம்பிப்பது சுலபம் என்று நான் சொல்லவில்லை. வாழ்க்கையில் ஜெயிப்பதைப் பற்றித் தடித்தடியாகப் புத்தகம் வருகிறதே, வயது ஒரு தடையே இல்லை என்று அட்டையிலேயே போட்டிருக்கும். என் கடைக்கு அவைதான் சீக்கிரம் திரும்பி வரும். முதல் பத்துப் பக்கம் கசங்கியிருக்கும், மிச்சம் புது வாசனையே போயிருக்காது. வயது தடைதான். நாள் பூராவும் நின்ற காலோடு படிக்க உட்கார்ந்தால் தூக்கம் தள்ளும். முன்னால் ஒரு தரம் படித்தால் ஏறியது இப்போது மூன்று தரம் படித்தாலும் ஏறாது. ஹாலில் பசங்கள் உன்னை வாத்தியார் என்று நினைத்து எழுந்து நிற்பார்கள். நிற்கட்டும், உட்காரச் சொல். நாற்பத்து மூன்று வயதில் பிளாட்பாரத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்த அன்று, தெரிந்தவர்கள் யாரும் அந்தப் பக்கம் வந்துவிடக் கூடாது என்று முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டவள் நான். தெரிந்தவர்கள் வரத்தான் செய்தார்கள். ஒருத்தி விலையைக் குறைத்துக் கேட்டாள். அதில் வந்த கோபத்தில் வெட்கம் போய்விட்டது.

இப்போது கஷ்டமான விஷயத்துக்கு வருகிறேன். டீயை எடுத்து வைத்துக்கொண்டு படி. நம் வீட்டில் யார் வந்தாலும் நீ ஒரு கதை சொல்வாய். பரீட்சைக்கு முந்தின வாரம், திடீர் மழை, தார்ப்பாய் கட்ட என் கடைக்கு ஓடி வந்தாய், கையிலிருந்த சாயில் மெக்கானிக்ஸ் புத்தகத்தைக் கட்டின் மேல் வைத்துவிட்டு மறந்து போய்விட்டாய், மறுநாள் காலையில் அதைக் கடைச் சரக்கு என்று நினைத்து நான் யாரோ ஒரு மாணவனுக்கு விற்றுவிட்டேன். "எங்கம்மா என் புக்கையே வித்துட்டாங்க, அப்புறம் எங்க பாஸ் ஆவறது?" என்று நீ முடிக்கும்போது எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். கல்யாண மேடையில் கலாவிடம் நீ முதலில் சொன்னதே இந்தக் கதைதான் என்று அவளே சொன்னாள். நடந்ததும் உண்மைதான். நான்தான் விற்றேன். புத்தகக் கடைக்காரி வீட்டில் மட்டுமே நடக்கக்கூடிய கூத்து.

ஆனால் பிரபு, நான் எந்தப் புத்தகத்தையும் புரட்டிப் பார்க்காமல் விற்க மாட்டேன். உள்ளே அடிக்கோடு இருக்கிறதா, பக்கம் போயிருக்கிறதா என்று பார்த்துத்தான் விலை சொல்வேன். உன் புத்தகத்தையும் புரட்டினேன். முதல் சில தாளுக்கு அப்புறம் பக்கங்கள் பிரிக்காத புதுத் தாளாக ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பென்சில் கோடு இல்லை, மடிப்பு இல்லை, டீக் கறை இல்லை. பெயர்கூட எழுதவில்லை நீ. புதுச் சரக்கு என்று நினைத்துப் புது விலை சொன்னேன், அந்தப் பையனும் மறுபேச்சுப் பேசாமல் வாங்கிப் போனான். நீ படித்த புத்தகமாக இருந்திருந்தால், அது உன்னுடையது என்று எனக்குத் தெரிந்திருக்கும்.

இதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை. நைனா போய் ரெண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. பகலில் காலேஜ், சாயங்காலம் என்னோடு கடை, ராத்திரி என் அழுகை. அதற்கு நடுவில் நீ எங்கே படிப்பாய்? ஃபெயிலானதற்கு உனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. நான் கைக்கு அடக்கமாகப் பக்கத்தில் இருந்தேன். சரி, வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு அது பாரமாகவே இல்லை. சந்தோஷமாகத்தான் சுமந்தேன். ஆனால் நேற்று நீ எழுந்து போன பிறகு யோசித்தேன். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி, தப்பு உன் கையில் இல்லை, என் கடையில் நடந்தது என்று ஆகிவிட்டது. கடையில் நடந்ததை நீ எப்படிச் சரி செய்வாய்? அதனால் அந்தப் பழியை இன்று உன்னிடமே திருப்பிக் கொடுக்கிறேன். நீ புத்தகத்தைத் திறக்கவில்லை, அதனால் பாஸ் ஆகவில்லை. அவ்வளவுதான். உனக்குக் கோபம் வரும். எனக்கும் இதை எழுதும்போது கண்ணில் தண்ணீர் வருகிறது. ஆனால் யோசித்துப் பார், இது எவ்வளவு நல்ல செய்தி. திறந்தால் பாஸ் ஆகலாம் என்றுதானே அர்த்தம்?

பழைய மாணவர்களுக்கு அரியர் எழுத ஒரு சிறப்பு வாய்ப்பு என்று பேப்பரில் பார்த்ததும் நான் முதலில் போன் செய்தது கலாவுக்குத்தான். ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் வேலை செய்கிறவள், லைனில் ஆள் நிற்க நிற்க, அங்கேயே போனில் உன் பெயருக்கு அப்ளிகேஷன் போட்டுவிட்டாள். "அத்தே, அவரு திட்டுவாரு. திட்டட்டும். நாலு நாள் பேசாம இருப்பாரு, அதுக்கு மேல அவரால முடியாது" என்றாள். பிறகுதான் தெரிந்தது, உன் காலத்து சிலபஸ் மாறிவிட்டது, ஆனால் உனக்கு வரப்போவது பழைய சிலபஸ் கேள்வித்தாள். அந்தப் பழைய புத்தகம் எந்தக் கடையிலும் இல்லை. பிளாட்பாரத்தில் தேடினேன். பாண்டி பஜார் வரை போய்க் கேட்டேன். "அக்கா, அதெல்லாம் எடைக்குப் போட்டு எத்தினி வருஷம் ஆவுது, இப்ப வந்து கேக்குறியே" என்று சிரித்தார்கள். நானும் எத்தனையோ காப்பி எடைக்குப் போட்டவள்தான். உனக்காக ஒன்றை எடுத்து வைக்கத் தோன்றவில்லையே என்று என்னையே திட்டிக்கொண்டு பத்து நாள் அலைந்தேன்.

கடைசியில் அது என் பக்கத்திலேயே இருந்தது. பாஷா பாய் கடையில் புத்தகம் அடுக்குகிற பலகைக்கு ஒரு கால் குட்டை. அது ஆடாமல் இருக்க அடியில் ஒரு தடிப் புத்தகத்தை வைத்திருக்கிறார், எத்தனை மழைக்காலமாகவோ. நான் தேடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், ஒருநாள் தொழுகை முடிந்து வந்து பலகையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். "தங்கச்சி, நீ நாயா அலையற புக்கு இதுவா பாரு." மண்ணைப் பற்றிய புத்தகம் மண்ணில் கிடந்து பலகையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது! உருவி எடுத்தேன். பலகை ஆடியது. "ஆடும், ஆடட்டும். புள்ள படிக்கட்டும்" என்றார். பிறகு என்னிடமிருந்தே வாழ்க்கையில் ஜெயிப்பதைப் பற்றிய ஒன்றை வாங்கி அடியில் கொடுத்தார். சரியான உயரம், பலகை இப்போது கொஞ்சமும் ஆடுவதில்லை.

புத்தகத்துக்கு உன் நைனா காலத்து வைத்தியம் செய்தேன். வெயிலில் காயவைத்து, மண்ணைத் தட்டி, பழைய காலண்டர் அட்டை போட்டு, கோணி ஊசியால் தைத்தேன். வழக்கம்போல இதிலும் கடைசிப் பக்கங்கள் இல்லை. கலா சிலபஸை வைத்து ஒத்துப் பார்த்தாள். நாலு யூனிட் முழுசாக இருக்கிறது, ஐந்தாவது யூனிட் போய்விட்டது. அது ஏதோ சரிவைப் பற்றியதாம், கொட்டிவாக்கத்தில் பள்ளம் தோண்டி மாமனாருக்கு நீ விளக்கியதுதான் என்று நினைக்கிறேன். எனக்கு மனசு கேட்கவில்லை. கடைக்கு வருகிற இன்ஜினீயரிங் பையன் ஒருவனை நிறுத்தி, நாலு யூனிட் படித்தால் போதுமா என்று கேட்டேன். "தாராளமா ஆன்ட்டி. சாய்ஸ் கீது. நாங்கல்லாம் மூணுலயே ஓட்டறோம்" என்றான். அவன் கட்டப் போகிற வீட்டில் நான் குடியிருக்க மாட்டேன், ஆனாலும் அவன் சொன்னது வயிற்றில் பால் வார்த்தது.

நேற்று நீ வந்தபோது இந்தப் புத்தகம் என் மடிக்குப் பக்கத்தில் சாக்குக்கு அடியில்தான் இருந்தது. எடுத்துக் கொடுக்கலாம் என்று கை போனது. அதற்குள் நீ எழுதப் போவதில்லை என்று சொல்லிவிட்டாய். இன்று சாயங்காலம் கலா வேலை முடிந்து வருகிறாள், அவளிடம் கொடுத்து அனுப்புகிறேன். இந்தக் கடிதத்தைப் புத்தகத்தின் கடைசியில், ஐந்தாவது யூனிட் இருக்க வேண்டிய இடத்தில் வைத்திருக்கிறேன். முதலில் இதைத்தான் படித்திருப்பாய், பரவாயில்லை, இனி முன்னால் போ.

பாஸ் ஆனால்தான் ஆயிற்று என்று நான் சொல்ல மாட்டேன். வியாழக்கிழமை நீ அந்த ஹாலுக்குள் போய் உட்கார வேண்டும், எனக்கு அதுதான் வேண்டும். அதற்கு அப்புறம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. நான் படித்த எதிலும் அந்தப் பக்கம் இருந்ததில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உன் நைனா பேச்சை இந்த ஒரு புத்தகத்துக்கு மட்டும் மறந்துவிடு. இது விற்கிற சரக்கு இல்லை. நன்றாக விரித்துப் படி. முதுகு ஒடியட்டும், கோடு போடு, ஓரத்தில் கிறுக்கு, டீயைக் கொட்டு. நாளைக்கு இது எந்தப் புத்தகக் கட்டுக்குள் கிடந்தாலும், யார் எடுத்து வந்து என்ன விலை என்று கேட்டாலும், ஒரு புரட்டுப் புரட்டியதும் இது என் பிள்ளையுடையது என்று எனக்குத் தெரிய வேண்டும். அப்படிப் படி.

அம்மா